வைக்கிங்குகள் விட்டுச் சென்றவையும் நாம் ஏற்றிச் சொல்பவையும்

ஸ்வீடன் நாட்டு உப்ஸாலா பல்கலைக்கழகத்திலிருந்து 2017-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு செய்தி வெளிவந்தது. வைக்கிங்குகள் என வழங்கும் வடபுல மாந்தரின் கல்லறைகளிற் கிடைத்த பட்டுநாடாத் துணுக்குகளில் ‘அல்லாஹ்’ எனவும் ‘அலீ’ எனவும் அரபு எழுத்துக்கள் நெய்யப்பட்டுள்ளன என்பதே அச்செய்தி. உலக ஏடுகள் அதனை எடுத்து முழக்கின. நம்மவர் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, இறுதியில் வைக்கிங்குகளுள் பாதிப்பேர் முஸ்லிம்களே என்னும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. இது மெய்தானா என நம்மிடம் வினவியோர் பலர், இன்றும் வினவுகின்றனர். அவர்களுக்கு விடை கூறும் முகத்தான், அம்மக்கள் உலகிற்கு விட்டுச் சென்ற செல்வம் யாது, அதனுள் நமது அரபு நூல்களுக்குள்ள பங்கு யாது என்பதைச் சற்று விரிவாகவே ஆராய விழைகின்றோம்.

முதலில் அந்தப் பட்டுத்துணி. செய்தி வெளிவந்த சில நாட்களிலேயே, டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இஸ்லாமியக் கலை வரலாற்றறிஞர் ஸ்டெபனி மல்டர் அதனை மறுத்துரைத்தார். நாடாவில் இருப்பதாகக் கூறப்பட்ட சதுரக் கூஃபி எழுத்து, அக்கல்லறைகளின் காலத்திற்குப் பன்னெடுங்காலம் கழித்தே பரவலாக வழக்கிற்கு வந்தது. அன்றியும், எஞ்சியிருக்கும் துணியின் விளிம்பு ஓரிடத்தில் முடிந்துவிட, எழுத்தோ அவ்விளிம்பையும் தாண்டி வரைபடத்தில் நீட்டப்பட்டிருந்தது. இல்லாத துணியில் இருந்திருக்கக் கூடிய எழுத்து! அவ்வாறு நீட்டி வரைந்த பின்னரும் அச்சொல்லின் முதல் அலிஃபைக் காணவில்லை. அலிஃப் எங்கே என்பது, எழுத்துக் கூட்டத் தொடங்கிய மதரஸாச் சிறுவனும் கேட்கக் கூடிய கேள்வியன்றோ? நம்முள் ஒருவரும் அதனைக் கேட்கவில்லை.

இமாம்கள் நமக்குக் கற்பித்த முதற்பாடம், ஒரு ரிவாயத்து வந்தால் அதன் இஸ்னாதைக் கேள் என்பது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், நேரிற் கண்டாரா, இடையில் எவரேனும் விடுபட்டுள்ளாரா என ஆராய்ந்த பின்னரே ஏற்பதும் தள்ளுவதும். இந்த உரைகல்லைக் கிதாபுகளோடு ஒதுக்கி வைத்துவிட்டு, நமக்குப் பெருமை தரும் செய்தி என்றவுடன் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது நமது கல்விக்கு அழகாகாது. அவ்வுரைகல்லையே கொண்டு வைக்கிங்குகளின் பெயரால் வழங்குவனவற்றை உரசிப் பார்ப்போம்.

வைக்கிங்குகள் இன்றைய நார்வே, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளினின்றும் கப்பலேறிப் புறப்பட்டவர்கள். 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியது தொடங்கி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவர்தம் காலம். 844-இல் அந்தலூஸின் இஷ்பீலிய்யா நகரையும் தாக்கினர். அரபு வரலாற்றாசிரியர் அவர்களை ‘மஜூஸ்’ எனக் குறித்தனர். 911-இல் பிரெஞ்சு அரசன் அவர்தம் தலைவன் ரோலோவுக்கு அளித்த நிலமே பின்னர் நார்மண்டி ஆயிற்று. மேற்கே கிரீன்லாந்தையும் கடந்து வட அமெரிக்கக் கரையை அடைந்தனர். நியூஃபவுண்ட்லாந்தில் அவர்கள் 1021-ஆம் ஆண்டில் மரம் வெட்டியதை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கொள்ளையரும் அவரே, வணிகரும் அவரே, குடியேறி ஏர் பிடித்தவரும் அவரே.

இத்தகையோரை இன்றைய உலகம் எவ்வாறு அறிகிறது? கொம்பு வைத்த தலைக்கவசத்தால்! அக்கொம்பு வைக்கிங்குகளுடையதன்று. 1876-இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது, ஆடையணி வகுத்த டோப்ளர் என்னும் ஓவியர் நடிகர்க்குச் சூட்டிய கொம்பே பின்னாளில் உலகெங்கும் பரவிற்று. 1943-இல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த உண்மையான வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. நாடகக் கொம்பினால் விளைந்த கேடு சிறிதே. ஆனால் அதே காலத்தில் வளர்ந்த ‘தூய வடபுலக் குருதி’ என்னும் கற்பனையை நாஜிகள் கைக்கொண்டு, தம் படைப்பிரிவு ஒன்றுக்கு ‘வைக்கிங்’ எனப் பெயரும் சூட்டினர். பொய்யான மரபுரிமை கோருவது வேடிக்கையளவில் நின்றுவிடுவதில்லை.

இனி, பொய்யுரைக்காத ஊமைச் சான்று ஒன்று உண்டு. அது வெள்ளி. ஸ்வீடனைச் சார்ந்த கோத்லாந்துத் தீவில் ஸ்பில்லிங்ஸ் என்னும் பண்ணை நிலத்தில் 1999-ஆம் ஆண்டு 67 கிலோ எடையுள்ள வெள்ளிப் புதையல் வெளிப்பட்டது. அதில் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள். மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் நாடுகளின் திர்ஹம்கள். ஏனைய புதையல்களிலும் ஸமர்கந்து, புகாரா, ஷாஷ் போன்ற நகரங்களின் அச்சுச்சாலைகளில் வார்த்த திர்ஹம்கள் மிகுதி. ஸ்பில்லிங்ஸ் புதையலில் கஸர் நாட்டார் திர்ஹத்தைப் பார்த்து அடித்த நாணயம் ஒன்றும் இருந்தது. அதில் ‘மூஸா ரசூலுல்லாஹ்’ எனப் பொறித்திருந்தது. கஸர் வேந்தர் யூத நெறியைத் தழுவியவர்கள். வைக்கிங்குகளுக்கோ இவ்வேறுபாடெல்லாம் ஒன்றே. அவர்கள் நாணயத்தைப் படிக்கவில்லை, நிறுத்தார்கள். வேண்டுமளவுக்கு வெட்டித் துண்டாக்கித் தராசில் இட்டார்கள். கலிமா பொறித்த வெள்ளி அங்கே கிடைத்ததனால் கலிமா அங்கே சென்றது என்று பொருளாகாது. பிர்கா நகரத்துக் கல்லறையிற் கிடைத்த, அரபு எழுத்துப் பொறித்த கண்ணாடிக்கல் மோதிரத்திற்கும் இதுவே விடை. மோதிரம் பயணம் செய்தது உண்மை. அதை அணிந்தவரின் ஈமானைப் பற்றி மோதிரம் ஒன்றும் கூறவில்லை.

ஆயின் அவ்வளவு வெள்ளி எதற்கு விலையாகச் சென்றது? நம்மவர் இதனைக் கேட்பதில்லை; திர்ஹம் வடதுருவம் வரை செலாவணியானது என்னும் பெருமையோடு நிறுத்திக்கொள்கின்றனர். மென்மயிர்த் தோலும் தேனும் மெழுகும் வாளும் அவர்கள் விற்றார்கள். அவற்றோடு மனிதரையும் விற்றார்கள். அரபு நூல்கள் ‘ஸகாலிபா’ எனக் குறிக்கும் வடபுல அடிமைகளை வாங்கியவை நமது சந்தைகள். இதனை மறைத்துவிட்டு வெள்ளியை மட்டும் எடுத்துக் காட்டுவது அரைச்சாட்சியம்.

முழுச்சாட்சியம் தந்த ஒருவரைப் பற்றி இப்போது கூறுவோம். அவர்தாம் அஹ்மத் இப்னு ஃபள்லான்.

வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் மன்னர், தீனைக் கற்பிக்க ஆசிரியரையும், பள்ளிவாசலும் கோட்டையும் எழுப்ப உதவியையும் வேண்டி பக்தாதுக்கு ஓலை விடுத்தார். கலீஃபா அல்-முக்ததிர் அனுப்பிய தூதுக்குழு ஹிஜ்ரி 309, ஸஃபர் 11-இல், அதாவது 921 ஜூனில், பக்தாதை விட்டுப் புறப்பட்டு, மறு ஆண்டு மே மாதம் பல்கார் மன்னரை அடைந்தது. கோட்டைக்கெனத் தருவதாக இருந்த 4,000 தீனாரும் வந்து சேரவில்லை. மன்னரின் சினத்திற்கு ஆளானவர் இப்னு ஃபள்லான். அங்கேதான் ஆற்றுவழி வந்திறங்கிய ரூஸ் வணிகரை அவர் கண்டார். ரூஸ் என்போர் ஸ்வீடியர் வழியினர் என்பதை 839-ஆம் ஆண்டின் பிராங்கியக் குறிப்பு ஒன்றும் கூறுகிறது. ஸ்லாவியரோடு அவர்கள் கலந்ததும் உண்மை. ரஷ்யா என்னும் பெயரே அவர்கள் விட்டுச் சென்றதுதான்.

பேரீச்சை மரம் போன்ற உயரமும் செம்மேனியும் கொண்ட அவ்வுடல்களைப் போல் முழுமையானவற்றைத் தாம் கண்டதில்லை என எழுதும் அதே கை, அடுத்த வரிகளில் இறைவன் படைப்பில் இவர்களினும் அழுக்கானோர் இல்லை என்றும் எழுதுகிறது. ஒரே தொட்டி நீரில் ஒருவர் பின் ஒருவராய் முகங்கழுவி, மூக்குச் சிந்துகின்றனர் என அருவருக்கிறார். இங்கே வாசகர் ஒன்றைக் கருத வேண்டும். பிற்கால ஆங்கில வரலாற்றுக் குறிப்பு ஒன்று, அதே வடபுலத்தார் நாள்தோறும் தலைவாரிச் சனிதோறும் நீராடி ஆங்கிலப் பெண்டிரை மயக்கினர் எனக் குறைபடுகிறது. ஐஸ்லாந்து மொழியில் சனிக்கிழமைக்கே நீராடும் நாள் என்றுதான் பெயர். அங்ஙனமாயின் இப்னு ஃபள்லான் பொய்யுரைத்தாரா? அன்று. அவர் கையிலிருந்த அளவுகோல் தஹாரத்து. இயற்கைக் கடன் கழித்தபின் சுத்தம் செய்யாமை, ஜனாபத்துக் குளிப்பின்மை, உண்டபின் கைகழுவாமை என்று அவர் எண்ணிச் சொல்லும் குறைகள் யாவும் ஃபிக்ஹு நூலின் முதற்பாடத்திலிருந்து வருவன. அவர் கண்டது உண்மை. அளந்த கோல் தம்முடையது. ஐரோப்பிய மொழிபெயர்ப்பில் மட்டும் இந்நூலைப் படிப்போர் இதனை எளிதில் தவறவிடுகின்றனர்.

அவ்வணிகர் மரச்சிலையின்முன் நின்று, தாம் கொணர்ந்த அடிமைப் பெண்களின் தொகையையும் தோல்களின் தொகையையும் எடுத்துரைத்து, தீனாரும் திர்ஹமும் நிறைந்த, பேரம் பேசாத வாங்குவோனைத் தருமாறு இறைஞ்சுவதையும் அவர் பதிவு செய்கிறார். கணவன் 10,000 திர்ஹம் ஈட்டினால் மனைவியின் கழுத்தில் ஒரு வளையம். 20,000 ஈட்டினால் இரண்டு. கோத்லாந்து மண்ணில் ஊமையாய்க் கிடக்கும் வெள்ளி இங்கே வாய் திறக்கிறது.

நூலின் உச்சம் ரூஸ் தலைவன் ஒருவனின் ஈமக்கிரியை. இறந்தவனைப் பத்து நாட்கள் தற்காலிகக் குழியில் வைத்து ஆடை தைக்கின்றனர். உடன் சாக ஒப்புகிறாயா என்று அடிமைப் பெண்களைக் கேட்க, ஒருத்தி ஒப்புகிறாள். ஒப்பியபின் பின்வாங்க இயலாது. கப்பலைக் கரையேற்றி அதில் தலைவனை அமர்த்துகின்றனர். அப்பெண்ணைக் கதவுநிலை போன்ற ஒன்றின்மீது மும்முறை தூக்குகின்றனர். முதன்முறை தாய் தந்தையரையும், அடுத்து இறந்த உறவினரையும், மூன்றாவதாகத் தன் தலைவன் அழகிய பச்சைப் பசேலென்ற சுவனத்தில் வீற்றிருப்பதையும் காண்பதாக அவள் கூறுகிறாள். நடுவே நடந்தவற்றுள் இவ்விதழில் எழுதத் தகாதனவும் உள. மதுவூட்டி விடைபெறும் பாட்டைப் பாடவைத்து, அவள் தயங்கி நிற்க, தலையைப் பற்றிக் கூடாரத்துள் இழுத்துச் செல்கிறாள் ஒரு கிழவி. ஆடவர் கேடயங்களைத் தடியால் அறைகின்றனர். ஏன்? அவள் அலறல் வெளியே கேட்டால் பிற அடிமைப் பெண்கள் அஞ்சி, பின்னொரு நாள் தம் தலைவரோடு சாக மறுப்பர் என்பதற்காக. இக்காரணத்தை எழுதினார் பாருங்கள், அங்கேதான் இப்னு ஃபள்லான் வெறும் பயணக்குறிப்பாளர் என்னும் நிலையைக் கடந்து நிற்கிறார். அப்பெண் ‘ஒப்புக்கொண்டாள்’ என்னும் சொல்லின் மதிப்பு எவ்வளவு என்பதைத் தாம் ஒன்றும் விளம்பாமல் அவ்வொரு வரியால் காட்டிவிட்டார்.

அக்கிழவியை அவர் குறிக்கும் சொல் ‘மலக்குல் மவ்த்’. சுவனத்திற்கு அவர் எழுதும் சொல் ‘அல்-ஜன்னா’. ரூஸ் மொழியில் என்ன சொல் வழங்கிற்றோ, மொழிபெயர்ப்பாளன் வாய்வழி அது இவ்வாறு அரபாகி நம் கைக்கு வருகிறது. ஆங்கில நூல்களில் ‘மரண தேவதை’ எனப் படிப்போர் அதனை வடபுலத்தாரின் சமயச்சொல் என்றே எண்ணி, அதன்மேல் மாளிகை கட்டுகின்றனர். நம் இல்லத்துப் பாட்டிமாருக்கும் தெரிந்த சொல்லன்றோ அது? பசுமையான சுவனம் என்பதிலும் எவ்வளவு ரூஸ், எவ்வளவு பக்தாது என ஐயுறுவதே நேர்மையான திறனாய்வு. கப்பலில் அடக்கம் செய்யும் வழக்கத்திற்கோ நார்வேயின் ஓஸ்பெர்க்கில் 1904-இல் அகழ்ந்த கப்பல் சான்று. அங்கே 834-இல் அடக்கப்பட்டோர் இரு பெண்கள்.

இறுதியில் ஒரு ரூஸ் மனிதன் மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ கூறுகிறான். என்னவென்று இப்னு ஃபள்லானே வலியக் கேட்கிறார். அரபிகள் மூடர் என்றும், அன்பிற்குரியோரை மண்ணில் இட்டுப் புழுவுக்கு இரையாக்குகின்றனர் என்றும், தாங்களோ எரித்துக் கணப்பொழுதில் சுவனம் சேர்க்கிறோம் என்றும் அவன் நகைத்தானாம். இதற்கு மறுமொழியாக ஒரு சொல்லும் அந்நூலில் இல்லை. மாறாக, ஒரு நாழிகை கழியுமுன் யாவும் சாம்பலானது மெய்யே என எழுதிச் செல்கிறார். தம் சமுதாயத்தைப் பழித்த சொல்லை, பழித்தவன் வாய்மொழியாகவே ஏட்டில் நிறுத்தும் நெஞ்சுரம் இக்காலத்து எழுத்தாளர் எத்தனை பேர்க்கு உண்டு?

இந்நூல் பிழைத்த வரலாறும் சுவையுடையது. யாகூத் அல்-ஹமவீ தம் ‘முஃஜமுல் புல்தா’னில் எடுத்தாண்ட பகுதிகளையே நெடுங்காலம் உலகம் அறிந்திருந்தது. 1923-இல் பஷ்கீர் அறிஞர் ஸகீ வலீதி மஷ்ஹத் நூலகத்தில் நீண்ட கையெழுத்துப்படியைக் கண்டெடுத்தார். ஸாமீ அத்-தஹ்ஹான் 1959-இல் திமிஷ்கில் பதிப்பித்தார். கடைசி ஏடுகள் அப்படியில் இல்லை.

அந்த இடைவெளியில் புகுந்து விளையாடினார் அமெரிக்க நாவலாசிரியர் மைக்கேல் கிரைட்டன். 1976-இல் அவர் எழுதிய நாவல் இப்னு ஃபள்லானின் சொற்களோடு தொடங்கி, நாம் அறியாவண்ணம் பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்ஃபின் கதைக்குள் அவரை இறக்கிவிடுகிறது. போலி அடிக்குறிப்புகளும் உண்டு. 1999-இல் அது திரைப்படமும் ஆயிற்று. இப்னு ஃபள்லான் வாளேந்திப் பூதங்களோடு பொருகிறார். கதை என்ற அளவில் திறமைதான், மறுக்கவில்லை. ஆயின் எழுதுகோலால் பெருமை பெற்ற ஒருவருக்கு வாள் கொடுத்தால்தான் உலகம் மதிக்கும் என எண்ணியது நமக்கு உவப்பாயில்லை. நம் பக்கத்திலும் இக்குறை உண்டு. அந்தலூஸின் கவிஞர் யஹ்யா அல்-கஸால் வைக்கிங் மன்னனிடம் தூது சென்று அரசியின் உள்ளங்கவர்ந்த கதையைச் சிலர் வரலாறாகவே கூறுவர். அதனை நமக்குத் தருபவர் இப்னு திஹ்யா. அவர் மறைந்தது 1235-இல். கதை நிகழ்ந்ததாகக் கூறும் காலமோ அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முந்தையது. அவ்விடைவெளி சிறிதன்று.

மொழியில் அவர்கள் விட்டுச் சென்ற சுவடு ஐயத்திற்கிடமில்லாதது. ஆங்கிலேயர் சட்டத்திற்கும், முட்டைக்கும், கத்திக்கும் வழங்கும் சொற்கள், ஏன், ‘அவர்கள்’ என்னும் சுட்டுப்பெயர்கூட, வடமாந்தர் தந்தவை. பலகணியைக் குறிக்கும் ‘விண்டோ’ என்பது அவர் மொழியில் காற்றின் கண் எனப் பொருள்படும். நம் பழந்தமிழ்ப் புலவர் அதனைக் காலதர், காற்றின் வழி, என்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள் ஒரே துளையைக் காற்றைக் கொண்டே பெயரிட்டது வியப்பன்றோ! நாமோ இரண்டையும் விடுத்துப் போர்ச்சுகீசியர் தந்த ஜன்னலைத் திறந்துகொண்டிருக்கின்றோம். கைப்பேசியில் கம்பியின்றிச் செய்தி கடத்தும் ‘புளூடூத்’ பத்தாம் நூற்றாண்டு டேனிய வேந்தர் ஹரால்டின் பட்டப்பெயர். அதன் குறி அவர் பெயரின் இரு ரூனிக் எழுத்துக்களின் பிணைப்பு. அப்பட்டுத்துணிச் செய்தியும் அதன் வழியே பரவியிருக்கலாம்!

எனினும் நமது மதிப்பீட்டில் அம்மரபின் தலையாய செல்வம் ஐஸ்லாந்தின் ஏடுகளே. அத்தீவில் 930-ஆம் ஆண்டளவில் ஆல்திங் என்னும் பேரவை கூடிற்று. 1000-ஆம் ஆண்டளவில் மக்கள் கிறித்தவராயினர். அதன்பின் 1122-க்கும் 1133-க்கும் இடையில் ஆரி தோர்கில்ஸன் என்னும் பாதிரியார் தம் நாட்டு வரலாற்றைச் சிறு நூலாக எழுதினார். அதனைப் படிக்கும் மதரஸா மாணவன் திடுக்கிடுவான். ஏனெனில் ஆரி செய்திதோறும் சொன்னவர் பெயரைச் சொல்கிறார். இதனைத் தம் வளர்ப்புத் தந்தையார் தைத் கூறினார் என்றும், இன்னதைச் சிற்றப்பா கூறினார் என்றும், துரித் என்னும் மூதாட்டி அறிவுடையவர், நம்பத் தகுந்தவர் என்றும் சொல்லிச் செல்கிறார். அறிவிப்பாளரை எடை போடும் கலை! பிழை காணின் எது மெய்யெனத் தெளிவாகிறதோ அதனையே கொள்க எனவும் முன்னுரையில் வேண்டுகிறார். நம்மவரிடம் அவர் கற்றார் என எவரும் பாய்ந்துவிட வேண்டா, அதற்குச் சான்றில்லை. உண்மையை அஞ்சும் உள்ளம் வேறு வேறு நாட்டிலும் ஒரே வழியைக் காணக் கூடும்.

அவருக்கு நூறாண்டு பின்னர் வந்த ஸ்னோரி ஸ்டுர்லுஸன் கிறித்தவராயிருந்தும், பழைய தெய்வக் கதைகளை 1220 அளவில் தொகுத்தார். காரணம், அவை மறைந்தால் மூதாதையரின் கவிதை விளங்காது. ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிதைகளை ஹம்மாத் அர்-ராவியா போன்றோர் இஸ்லாத்தின் காலத்தில் திரட்டியதையும், இன்றும் நம் மதரஸாக்களில் இம்ருவுல் கைஸைப் பாடம் கேட்பதையும் இதனோடு வைத்து நோக்குக. ஸாகா எனப்படும் உரைநடைக் கதைகளோ நிகழ்ச்சிகளுக்கு இருநூறு முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பெயரறியாதோர் எழுதியவை. வரலாறாகக் கொள்வதற்கு முன் எச்சரிக்கை தேவை. இலக்கியமாகக் கொள்வதற்குத் தடையேதுமில்லை.

கன்றுத்தோலில் எழுதிய அவ்வேடுகளை ஆர்னி மாக்னுஸன் ஊரூராய்த் தேடித் திரட்டி, ஐஸ்லாந்தை ஆண்ட டென்மார்க்கின் தலைநகரில் வைத்திருந்தார். 1728-இல் கோபன்ஹேகனில் மூண்ட தீ சிலவற்றை உண்டது. நாடு விடுதலை பெற்றபின் ஐஸ்லாந்தியர் ஏடுகளைத் திரும்பக் கேட்டனர். 1971 ஏப்ரல் 21-ஆம் நாள், டேனியப் போர்க்கப்பல் ஒன்று இரு நூல்களை ஏற்றிக்கொண்டு ரெய்க்யவிக் துறைமுகம் வந்தடைந்தது. கரையில் மக்கள் திரண்டு நின்றனர். பிற ஏடுகள் 1997 வரை சிறிது சிறிதாக வந்து சேர்ந்தன.